தாத்தாவைத் தேடுமுன் அத்தையைக் கவனியுங்கள்

பட்டர்வொர்த்திலிருந்து ஓய்வுபெற்ற தமிழ்ப்பள்ளி ஆசிரியை ஒருவர் எட்டுப் பக்கக் கடிதம் எழுதியிருக்கிறார். வயது 61. பெயரையும் தோட்டத்தின் பெயரையும் மறைத்து, சாரத்தை மட்டும் இங்கே தருகிறேன்.

அவருடைய தாத்தா 1928இல் நாகப்பட்டினத்தில் ரஜூலா கப்பல் ஏறிப் பினாங்கில் இறங்கியவர். பேராக், பாரிட் புந்தார் பக்கம் ஒரு ரப்பர் தோட்டத்தில் பால்வெட்டுத் தொழிலாளியாக இருந்து 1958இல் அங்கேயே காலமானார். "தென்னார்க்காடு ஜில்லா, கள்ளக்குறிச்சிப் பக்கம்" என்பதற்கு மேல் சொந்த ஊரைப் பற்றிக் குடும்பத்தில் யாருக்கும் தெரியாது. தாத்தாவின் தம்பியை 1943இல் ஜப்பான்காரர்கள் சயாம் (தாய்லாந்து) ரயில் பாதை வேலைக்குக் கொண்டுபோனார்கள், அவர் திரும்பவில்லை. இப்போது லண்டனில் இருக்கும் தங்கை மகள், தன் ஆங்கிலேயக் கணவரின் முப்பாட்டனாரை 1921ஆம் ஆண்டு மக்கள் தொகைக் கணக்கெடுப்புத் தாளில் பத்தே நிமிடத்தில் கண்டுபிடித்துக் காட்டினாராம். கையெழுத்துகூட இருந்ததாம். "நம் தாத்தாவின் தாளும் எங்காவது இருக்குமல்லவா?" என்று ஆசிரியை கேட்கிறார். மலாயாவின் 1931ஆம் ஆண்டுக் கணக்கெடுப்புத் தாளை எடுத்துத் தருவதாக ஒரு முகவர் 3,500 வெள்ளி (ரிங்கிட்) கேட்டிருக்கிறார்.

கடிதத்தின் ஆறாம் பக்கத்தில், பேச்சோடு பேச்சாக, இன்னொரு செய்தி வருகிறது. தாத்தாவின் கடைசி மகள், அதாவது ஆசிரியையின் அத்தை, 1949இல் அதே தோட்டத்து லயத்தில் (தொழிலாளர் குடியிருப்பு வரிசையில்) பிறந்தவர். பிறப்புப் பத்திரம் இல்லை. இன்றுவரை, குடியுரிமை இல்லாத நிரந்தரவாசிகளுக்குரிய சிவப்பு அடையாள அட்டைதான். இரண்டு முறை குடியுரிமைக்கு விண்ணப்பித்தும் பலனில்லை. "1957 ஜூன் மாதம், மெர்டேக்காவுக்கு (மலாயா சுதந்திரத்துக்கு) இரண்டு மாதம் முன்பு கணக்கெடுத்தபோது அத்தை எட்டு வயதுச் சிறுமி. அந்தத் தாள் கிடைத்தால் இங்கேதான் பிறந்தார் என்று நிரூபித்துவிடலாமே?" என்பது அவருடைய யோசனை. கள்ளக்குறிச்சியில் தாத்தாவுக்கு நிலம் இருந்ததாகவும், அதில் தங்களுக்குப் பங்கு வருமா என்றும் தம்பி கேட்கச் சொன்னாராம்.

அன்புச் சகோதரி,

முகவருக்கு இன்னும் பணம் கொடுக்கவில்லை என்று எழுதியிருக்கிறீர்கள். கொடுக்காதீர்கள். அவர் விற்பது இல்லாத சரக்கு.

லண்டனில் நடந்தது உண்மைதான். ஆனால் அது அந்த நாட்டு வழக்கம். அங்கே கணக்கெடுப்புத் தாள்களை நூறாண்டுகள் பூட்டிவைத்துவிட்டுப் பிறகு திறக்கிறார்கள். 1921ஆம் ஆண்டுத் தாள்கள் 2022 ஜனவரியில் திறக்கப்பட்டன. அதற்கு அடுத்ததை உங்கள் தங்கை மகளாலும் பார்க்க முடியாது. இங்கிலாந்து, வேல்ஸ் பகுதிகளின் 1931ஆம் ஆண்டுத் தாள்கள் 1942 டிசம்பரில் ஒரு கிடங்குத் தீயில் சாம்பலாகிவிட்டன. 1941இல் போர் காரணமாகக் கணக்கெடுப்பே நடக்கவில்லை. 1951ஆம் ஆண்டுத் தாளுக்கு 2052 வரை காத்திருக்க வேண்டும்.

மலேசியாவில் அப்படி 'இத்தனை ஆண்டு கழித்துத் திறக்கும்' ஏற்பாடே கிடையாது. 1960ஆம் ஆண்டுக் கணக்கெடுப்புச் சட்டமும் 1965ஆம் ஆண்டுப் புள்ளிவிவரச் சட்டமும் தனிமனிதர் கொடுத்த விவரங்களை இரகசியமாகக் காக்கச் சொல்கின்றன. நீங்களும் நானும் நூலகத்தில் புரட்டக்கூடியவை அச்சிட்ட அறிக்கைகள் மட்டுமே: 1921க்கு நேதன், 1931க்கு விலீலண்ட், 1947க்கு டெல் டூஃபோ என்று அந்தந்தக் கண்காணிப்பாளர் எழுதியவை. அவற்றில் மாவட்டவாரியாகத் தமிழர் எத்தனை பேர், தெலுங்கர் எத்தனை பேர் என்று இருக்கும். உங்கள் தாத்தா அந்த எண்ணுக்குள் ஒருவராக இருக்கிறார், பெயராக இல்லை. இந்தியாவின் கதவு இதைவிட இறுக்கமானது. அங்குள்ள 1948ஆம் ஆண்டுக் கணக்கெடுப்புச் சட்டத்தின் 15ஆவது பிரிவு, அந்தப் பதிவுகளைப் பார்க்க யாருக்கும் உரிமையில்லை என்பதோடு, வழக்கில் சாட்சியமாகவும் ஏற்கக் கூடாது என்கிறது.

பிஜி, நேட்டால் போன இந்தியர்களின் பேரப்பிள்ளைகள் பெயர், தகப்பன் பெயர், ஜில்லா, தாலுகா, கிராமம் எல்லாம் எழுதிய குடியேற்றச் சீட்டுகளை இணையத்தில் காட்டுகிறார்களே என்று கேட்பீர்கள். அவர்கள் ஒப்பந்தக் கூலிகளாகப் போனவர்கள். ஒவ்வொரு தலைக்கும் ஒரு சீட்டு எழுதினார்கள். மலாயாவில் ஒப்பந்த முறை 1910இல் நிறுத்தப்பட்டது. 1928இல் வந்த உங்கள் தாத்தா பெரும்பாலும் கங்காணி (தோட்டத்துக்கு ஊரிலிருந்து ஆள் சேர்க்கும் மேஸ்திரி) அழைத்துவந்தவராக இருப்பார். அதனால் தேடும் வழியும் வேறு; அதைப் பற்றிப் பிறகு சொல்கிறேன்.

ஆனாலும் அந்த அச்சிட்ட அறிக்கைகளை ஒருமுறை பாருங்கள். சிங்கப்பூரையும் சேர்த்து மலாயாவில் இந்தியர் எண்ணிக்கை 1931இல் சுமார் 6 லட்சத்து 20 ஆயிரம். 16 ஆண்டுகள் கழித்து, 1947இல், 6 லட்சத்துக்கும் சற்றுக் குறைவு. பெருக வேண்டிய சமூகம் சுருங்கியிருக்கிறது. உலகப் பொருளாதார மந்தத்தில் ரப்பர் விலை விழுந்து திருப்பியனுப்பப்பட்டவர்கள், 1938இல் இந்திய அரசு தொழிலாளர் அனுப்புவதைத் தடை செய்தது, பிறகு ஜப்பானியர் காலத்துப் பட்டினியும் சயாம் ரயிலும். அந்த ரயில் பாதை வழியில், தாய்லாந்தின் காஞ்சனபுரிப் போர்க் கல்லறையில் வரிசையாக இருக்கும் பெயர்கள் நேச நாட்டுப் போர்க் கைதிகளுடையவை. நம் தோட்டத்து ஆட்களுக்கு அங்கே பெயர் பொறித்த கல் கிடையாது. உங்கள் சின்னத் தாத்தாவைப் பற்றி அரசாங்கம் எழுதி வைத்த ஒரே குறிப்பு, இந்த இரண்டு எண்களுக்கும் இடையில் விழுந்திருக்கும் பள்ளம்தான் என்று எனக்குத் தோன்றுகிறது.

அத்தையின் காரியம் முதலில்

நீங்கள் ஆறாம் பக்கத்தில் எழுதியதை நான் முதல் பக்கத்தில் வைக்கிறேன். தாத்தா 1958இலேயே போய்விட்டார். அவர் ஊர் இன்னும் இரண்டு ஆண்டு காத்திருக்கும். அத்தைக்கு 76 வயது.

1957ஆம் ஆண்டுக் கணக்கெடுப்புத் தாள் உங்கள் கைக்கு வராது. வந்தாலும் அது அத்தை அந்த ஆண்டு தோட்டத்தில் இருந்தார் என்பதைத்தான் காட்டும். அங்கே பிறந்தார் என்பதை வீட்டார் சொன்னதாக மட்டுமே காட்டும். தேவையான சான்று வேறு.

முன்பு இரண்டு முறை விண்ணப்பித்ததாகச் சொல்கிறீர்கள். எந்த விதியின் கீழ்? நகல் இருந்தால் எடுத்துப் பாருங்கள். நான் பார்த்த வரையில், சிவப்பு அட்டை என்றவுடன் பலர் கூட்டரசு அரசமைப்புச் சட்டத்தின் 19ஆவது விதிக்குப் போய்விடுகிறார்கள். அது வெளிநாட்டிலிருந்து வந்து தங்கியவர் இயல்புரிமை கேட்கும் வழி. கடந்த 12 ஆண்டுகளில் 10 ஆண்டு இங்கே வாழ்ந்திருக்க வேண்டும், மலாய் போதிய அளவு தெரிய வேண்டும். எல்லாம் இருந்தாலும் கொடுப்பதும் மறுப்பதும் அரசாங்கத்தின் விருப்பம். மெர்டேக்கா நாளுக்கு முன் இந்த மண்ணில் பிறந்தவர்களுக்கு 16ஆவது விதி தனியாக இருக்கிறது. கடந்த 7 ஆண்டுகளில் மொத்தம் 5 ஆண்டு இங்கே வாழ்ந்திருக்க வேண்டும், தொடர்ந்து வாழும் எண்ணம் வேண்டும், நன்னடத்தை வேண்டும், மலாய் ஆரம்ப நிலையில் தெரிந்தால் போதும். அறுபது ஆண்டுகளாகப் பாசார் மாலாமில் (இரவுச் சந்தையில்) பேரம் பேசிவரும் அத்தைக்கு அது ஒரு பொருட்டல்ல. முக்கியமான சொல் அதன் வாசகத்தில் இருக்கிறது: இந்தத் தகுதிகள் இருப்பவர் பதிவு பெற 'உரிமையுடையவர்'. கேட்டுப் பெறும் சலுகைக்கும் உரிமைக்கும் எவ்வளவு தூரம் என்று உங்களுக்குச் சொல்ல வேண்டியதில்லை.

ஆக, நிரூபிக்க வேண்டியது ஒன்றே ஒன்று: 1949இல் அத்தை பேராக்கில் பிறந்தார். பத்திரம் இல்லை என்று நீங்கள் சொல்வதைக் கேட்டு, பதிவே இல்லை என்று முடிவு கட்டாதீர்கள். அக்காலத்தில் நாட்டுப்புறத்தில் போலீஸ் நிலையத்திலேயே பிறப்பைப் பதிந்தார்கள். தோட்டத்துக் கிராணியோ (எழுத்தர்) ஆஸ்பத்திரி டிரெசரோ (மருத்துவ உதவியாளர்) பதிந்துவிட்டு, பத்திரம் வீட்டுக்கு வராமலே போன குடும்பங்கள் உண்டு. தேசியப் பதிவு இலாகாவில் தேடச் சொல்லுங்கள். தேடும்போது ஒரே எழுத்துக்கூட்டலைப் பிடித்துக்கொண்டு தொங்காதீர்கள். சென்ற ஆண்டு என்னிடம் ஒரு பெரியவர் பழைய பிஸ்கட் டின்னைக் கொண்டுவந்தார். அதில் அவர் தகப்பனாரின் ஐந்து தாள்கள். முனியாண்டி என்ற பெயரை ஆங்கிலத்தில் ஐந்து விதமாக எழுதியிருந்தார்கள்: ஒன்றில் முதலெழுத்தை அடுத்து 'யூ', ஒன்றில் இரட்டை 'ஓ', கடைசியில் ஒருவர் 'ஒய்', ஒருவர் 'ஐ', ஐந்தாமவர் 'முனியன்' என்றே முடித்துவிட்டார். எழுதியவர் காதில் எப்படி விழுந்ததோ அப்படி. நமக்குக் குடும்பப் பெயரும் கிடையாது. மகனின் பின்னால் தகப்பன் பெயர், பேரனின் பின்னால் மகன் பெயர் என்று தலைமுறைக்குத் தலைமுறை மாறும். வெள்ளைக்காரர்களுக்காகச் செய்த தேடுபொறிகள் நம்மிடம் திணறுவது இதனால்தான்.

பதிவு உண்மையிலேயே இல்லையென்றால், காலங்கடந்த பிறப்புப் பதிவுக்கும் 16ஆவது விதி விண்ணப்பத்துக்கும் துணைச் சான்றுகள் சேர்க்க வேண்டும். அவற்றில் நான் அதிகம் மதிப்பது பள்ளிச் சேர்க்கைப் பதிவேடு. நீங்களே எத்தனை ஆண்டு அந்த நீளமான புத்தகத்தில் கோடு போட்டு, பிறந்த தேதி, தகப்பன் பெயர், தொழில் என்று நிரப்பியிருப்பீர்கள்! 1923ஆம் ஆண்டுத் தொழிலாளர் சட்டத்தின்படி, பேராக் உள்ளிட்ட அன்றைய கூட்டரசு மலாய் மாநிலங்களில் பத்துப் பிள்ளைகள் இருந்தாலே தோட்டம் பள்ளி நடத்த வேண்டியிருந்தது. அத்தை படித்த பள்ளி மூடப்பட்டிருந்தால், அது எந்தப் பள்ளியோடு இணைந்தது என்று மாவட்டக் கல்வி அலுவலகத்தில் கேளுங்கள். ஓய்வுபெற்ற ஆசிரியை கேட்டால் அலமாரி சற்று விரைவாகவே திறக்கும்.

இரண்டாவது, தாத்தாவின் ஊழியர் சேமநிதித் தாள்கள். சேமநிதிச் சட்டம் 1951இல் வந்தது. அவர் 1958இல் இறந்தபோது பணத்தை யாரோ பெற்றிருக்க வேண்டும். வாரிசுகள் பட்டியலில் ஒன்பது வயது மகளின் பெயர் இருந்தால் அது பொன். மூன்றாவது, உங்கள் அப்பாவின் பிறப்புப் பத்திரம். அண்ணன் அதே தோட்டத்தில் பிறந்தவர் என்பது தங்கையின் கதைக்கு முட்டுக்கொடுக்கும். நான்காவது, அத்தையைக் குழந்தையாகப் பார்த்த மூத்தவர்கள் உயிரோடிருந்தால், அவர்களின் சத்தியப் பிரமாணம். இதைத் தள்ளிப்போடாதீர்கள். சாட்சிகளுக்கும் எண்பது வயது தாண்டியிருக்கும்.

உங்கள் முகவர் இன்னொன்றும் சொன்னதாக எழுதியிருக்கிறீர்கள்: "பினாங்கில் பிறந்ததாகப் பிரமாணம் எழுதிவிடலாம், அது சுலபம்." இதைக் கேட்டபோது எனக்குக் கோபம் வந்தது. பொய்ப் பிரமாணம் குற்றம். அது மட்டுமல்ல, 26ஆவது விதியின்படி, பொய் சொல்லியோ முக்கிய உண்மையை மறைத்தோ பெற்ற குடியுரிமையைப் பிற்பாடு பறிக்க முடியும். உண்மையே உங்கள் பக்கம் இருக்கும்போது பொய்க்கு எதற்குக் கூலி? அவரிடம் அத்தையின் அடையாள அட்டை நகலும் நிரப்பாமல் கையெழுத்திட்ட படிவமும் இருக்கின்றன அல்லவா, அவற்றைத் திருப்பிக் கேளுங்கள். தர மறுத்தால் போலீஸில் ஒரு புகார் பதிந்து நகலை வைத்துக்கொள்ளுங்கள்.

தாத்தாவின் பெயர் இருக்கக்கூடிய தாள்கள்

மேலே சொன்னவற்றைத் தேடும்போதே பாதித் தாத்தா கிடைத்துவிடுவார். இதனாலும்தான் அத்தையை முன்னால் வைத்தேன். இரண்டும் ஒரே பெட்டி.

வீட்டில் தேட வேண்டியது 1948இல் அவசர காலத்தின்போது கொடுத்த முதல் அடையாள அட்டை. மடிக்கும் காகிதம், படமும் பெருவிரல் ரேகையும் இருக்கும். மெர்டேக்காவை ஒட்டிப் பலர் குடியுரிமைப் பத்திரம் எடுத்தார்கள். தாத்தாவும் எடுத்திருந்தால் அந்த விண்ணப்பத்தில் பிறந்த ஊரைச் சொல்லியிருப்பார். 1958ஆம் ஆண்டு இறப்புப் பதிவின் நகலை வாங்குங்கள். தகவல் கொடுத்தவர் யார் என்று பாருங்கள். அவர் கங்காணியாகவோ ஊர்க்காரராகவோ இருந்தால், அடுத்த நூல்நுனி அதுதான்.

தோட்டத்துச் செக்ரோல் (தொழிலாளர் வருகை, கூலிப் பதிவேடு) கிடைத்தால் அதிர்ஷ்டம். ஐம்பதுகளின் கடைசியிலும் அறுபதுகளிலும் தோட்டங்களைத் துண்டாடி விற்றபோது காகிதங்கள் எங்கெங்கோ சிதறின. கோலாலம்பூரில் தேசிய ஆவணக் காப்பகத்தில் மாவட்ட அலுவலகக் கோப்புகளும் தொழிலாளர் இலாகாக் கோப்புகளும் இருக்கின்றன. தாத்தாவின் பெயரைத் தேடாதீர்கள். தோட்டத்தின் பெயரையும் கிரியான் மாவட்டத்தையும் தேடுங்கள். வேலைநிறுத்தம், வியாதி, பள்ளிக்கூடம் என்று தோட்டம் கோப்பில் வந்திருக்கும். அதுபோலவே சிங்கப்பூர் தேசிய நூலகம் பழைய பத்திரிகைகளை இணையத்தில் இலவசமாகப் படிக்க வைத்திருக்கிறது. 1935இல் தொடங்கிய தமிழ் முரசும் அதில் உண்டு.

கங்காணி முறையில் ஒரு நன்மை இருந்தது. கங்காணி தன் ஊரிலும் உறவிலும்தான் ஆள் சேர்த்தார். ஆகவே ஒரே லயத்தில் இருந்த பத்துக் குடும்பங்களில் நாலைந்தாவது பக்கத்துப் பக்கத்துக் கிராமத்தவையாக இருக்கும். உங்கள் வீட்டில் மறந்துபோன ஊர்ப் பெயர், இன்று சுங்கைப் பட்டாணியிலோ ஈப்போவிலோ இருக்கும் அடுத்த வீட்டுக்காரரின் பேரனுக்குத் தெரிந்திருக்கலாம். தோட்டத்து மாரியம்மன் கோவில் திருவிழாவுக்கு இன்னும் பழைய ஆட்கள் வருகிறார்கள் என்றால், இணையத்தில் கழிக்கும் ஒரு மாதத்தைவிட அந்த ஒரு நாள் மேல்.

கள்ளக்குறிச்சிப் பக்கம்

இன்றைய வரைபடத்தில் தென்னார்க்காடு ஜில்லா இல்லை. 1993இல் அது கடலூர், விழுப்புரம் என்று பிரிந்தது. 2019இல் கள்ளக்குறிச்சி தனி மாவட்டமானது. பழைய தாலுகா இன்றைய தாலுகாவைவிடப் பெரிது என்பதால், சுற்றுவட்டத்தையும் சேர்த்துக்கொள்ளுங்கள். பாட்டி பச்சையம்மனுக்கும் மன்னார்சாமிக்கும் நேர்ந்துகொள்வார் என்று போகிறபோக்கில் எழுதியிருக்கிறீர்கள். நீங்கள் எழுதிய எட்டுப் பக்கத்தில் மிக உதவியான வரி அது. அந்தச் சாமிகள் வட தமிழ்நாட்டு வழிபாடு. ஆகவே வாய்வழி வந்த ஜில்லாப் பெயர் பொருந்துகிறது. குலதெய்வக் கோவில்களுக்குப் பங்காளிகள் ஆண்டுக்கொருமுறை கூடுவார்கள். "மலாயா போனவர் யாராவது உண்டா?" என்று அங்கே கேட்பதற்கு எந்தக் காப்பகமும் ஈடாகாது. கிராம முன்சீப் பதவி 1980இல் ஒழிந்தது. இப்போது கிராம நிர்வாக அலுவலர். 'அ' பதிவேடு என்ற நிலப் பதிவேட்டில் பழைய பெயர்கள் இருக்கும்.

நிலம் பற்றித் தம்பிக்கு: அசையாச் சொத்துக்கு அது இருக்கும் நாட்டின் சட்டம். தாத்தாவின் சொந்த நிலமாக இருந்திருந்தால், 1956ஆம் ஆண்டு இந்து வாரிசுரிமைச் சட்டப்படி பிள்ளைகளுக்குப் பங்கு வந்திருக்கும். ஆனால் அறுபது எழுபது ஆண்டுகளாக வேறொருவர் உழுது, வரி கட்டி, ஒருவேளை விற்றும் இருக்கும் நிலத்தில் இப்போது போய்ப் பங்கு கேட்பது பெரும்பாலும் வக்கீல் கட்டணத்தில் முடியும். ஊருக்குள் நுழைந்ததும் நிலம் பற்றி வாயைத் திறந்தால், உறவு என்று வந்த முகங்கள் அத்தோடு மூடிக்கொள்ளும். எனக்குக் கேட்டால், தம்பியை முதல் பயணத்தில் அழைத்துப் போக வேண்டாம்.

இன்னும் ஒன்றுக்கு மனத்தைத் தயார் செய்யுங்கள். 1962 வரை ஊரிலிருந்து கடிதம் வந்ததென்றும், பாட்டி அவற்றை அடுப்பில் போட்டாரென்றும் எழுதியிருக்கிறீர்கள். தாத்தா 1928இல் தனியாக வந்தவர். அங்கே ஒரு மனைவியும் பிள்ளைகளும் இருந்திருக்கலாம். அக்காலத்தில் இந்து ஆண் இரு தாரம் கொள்வதைச் சட்டம் தடுக்கவில்லை. சென்னை மாகாணத்தில் தடை 1949இல்தான் வந்தது. இது உண்மையானால், முதலில் யாருக்குச் சொல்வது, அத்தைக்குச் சொல்வதா என்பதைப் போகுமுன்பே முடிவு செய்துகொள்ளுங்கள். பழைய தாள்களில் சாதிப் பெயரும் தலைகாட்டலாம். கிடைத்ததையெல்லாம் உடனே முகநூலில் போடாதீர்கள். உயிரோடிருப்பவர்களின் அடையாள அட்டை எண்ணையும் பிறந்த தேதியையும் ஒருபோதும் போடாதீர்கள்.

இந்த வாரமே அத்தையின் பக்கத்தில் உட்கார்ந்து, கைப்பேசியில் ஒலிப்பதிவை ஓட விட்டு, ஒன்று கேளுங்கள்: லயத்தில் அக்கம்பக்கத்தார் தாத்தாவைப் பெயர் சொல்லி அழைத்தார்களா, அல்லது ஏதாவது ஊரின் பெயரைச் சேர்த்து அழைத்தார்களா? தோட்டத்தில் இரண்டு முனியாண்டி இருந்தால் பிரித்துச் சொல்ல ஊர்ப் பெயர்தான் உதவும். பதிலை எனக்கு எழுதும்போது முந்தைய இரண்டு விண்ணப்பங்களின் நகலையும் சேர்த்து அனுப்புங்கள்.